பதினோராம் வகுப்பில் நான் அடித்த ஜோக்

நங்கநல்லூரில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் சுகன்யா என்று ஒரு பெண் குடியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் சமூகப் பாடம் எடுக்கிறாள். நானும் முப்பத்து நான்கு வருடம் அதையே எடுத்தவள் என்பதால் என்னிடம் உரிமை கொஞ்சம் அதிகம். போன மாதம் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தவள், ஒரு அச்சடித்த தாளை என் மடியில் போட்டாள். வகுப்பில் கலந்துரையாடல் நடத்துவது எப்படி, சிக்கலான விஷயங்களைக்கூட மரியாதை குறையாமல் பேசவைப்பது எப்படி என்று அதில் எழுதியிருந்தது.

"படிக்க நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா சாதின்னு ஒரு வார்த்தை எடுத்தாப் போதும், பாதிப் பேர் சண்டைக்கு வராங்க, மீதிப் பேர் டெஸ்க்கைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்துடறாங்க. உங்க காலத்துல எப்படிச் சமாளிச்சீங்க?" என்றாள்.

சமாளித்தேன் என்று இவளுக்கு யார் சொன்னது? காபியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவள் போன பிறகு மனசு கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன். இதில் என் சாமர்த்தியத்தைத் தேடுபவர்கள் ஏமாந்துபோவார்கள்.

நான் மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவள். படிக்கும்போது பேச்சுப் போட்டி என்று எங்கே போர்டு வைத்தாலும் அங்கே நான் நிற்பேன். கோப்பைகளை வைக்க இடமில்லாமல் ஒன்றில் அம்மா புளி போட்டு வைத்திருந்தாள். சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சி முடித்தேன். அங்கே என்ன கற்றுக்கொண்டேன் என்று கேட்டால், கரும்பலகைக்கு முதுகைக் காட்டாமல் எழுதக் கற்றுக்கொண்டேன். அறுபதுகளின் கடைசியில் மயிலாப்பூரிலேயே ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் வேலை கிடைத்தது. நடந்தே போய்விடலாம்.

அங்கே எனக்குப் 'பட்டிமன்ற டீச்சர்' என்று பெயர். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், எனக்கோ அதில் பெருமை. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் பதினோராம் வகுப்பு பி பிரிவுக்குப் பட்டிமன்றம். பெஞ்சுகளை இரண்டு அணியாக எதிரெதிரே இழுத்துப் போடுவோம். நடுவில் என் நாற்காலி. அணிக்கு மூன்று பேர் எழுந்து, "நடுவர் அவர்களே" என்று ஆரம்பித்து எதிரணியைக் கிழி கிழியென்று கிழிப்பார்கள். ஒவ்வொருத்தி பேசி உட்கார்ந்ததும் நடுவரான நான் ஒரு ஜோக் அடிப்பேன். அதுதானே முறை? எந்தக் கோயில் திருவிழாப் பந்தலில் பார்த்தாலும் நடுவர் அடிக்கிற ஜோக்குக்குத்தான் கூட்டமே. கைதட்டல் பக்கத்து வகுப்புவரை கேட்கும்.

எங்கள் தலைமையாசிரியை ரூத் அம்மாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வெள்ளைப் புடவை, கறுப்புக் குடை, மெலிந்த உடம்பு. எந்த வகுப்பிலும் சொல்லாமல் நுழைந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். குடையை மடியில் படுக்கவைத்துக்கொள்வார். ஒரு குறிப்பும் எடுக்க மாட்டார். மணி அடித்ததும் எழுந்து போய்விடுவார். அன்றே பள்ளி விட்டதும் அவர் அறையிலிருந்து ஆயா வந்து, "பெரிய டீச்சர் சீரகத் தண்ணி குடிக்கக் கூப்பிடறாங்க" என்றால், சீரகத் தண்ணீரைத் தவிர இன்னொன்றும் காத்திருக்கிறது என்று அர்த்தம். திட்டவே மாட்டார். கேள்விதான் கேட்பார். திட்டினால் தேவலை என்று இருக்கும்.

என் பட்டிமன்றத்தை முதல்முறை பார்த்துவிட்டு அவர் கேட்டது இது.

"பங்கஜம், எத்தன பிள்ளைங்க பேசிச்சு?"

"ஆறு பேர் மேடம்."

"கிளாஸ்ல எத்தன பேரு?"

"நாற்பத்திரண்டு."

"மத்த முப்பத்தாறு பேரும் என்ன செஞ்சாங்க?"

"கை தட்டினாங்க மேடம்."

"அப்படியா, சரி" என்று டம்ளரைக் கீழே வைத்தார். நான் பாராட்டிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது, வேறெப்படி நினைப்பேன்?

பிறகு மதுவிலக்கை எடுத்துவிட்டு ஊரெல்லாம் கடை திறந்த வருடம் வந்தது. எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. 'மதுக்கடை வேண்டுமா, வேண்டாமா' என்று தலைப்பு வைத்தேன். 'வேண்டாம்' அணிக்குக் கஸ்தூரி தலைவி. அபிராமபுரத்தில் பெரிய வீடு, அப்பா வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் அதிகாரி. கணக்கு, ஆங்கிலம், பாட்டு எல்லாவற்றிலும் முதல். கொஞ்சம் அதிகமாகவே சிரிக்கிற பெண்.

அவள் அன்று பேசவில்லை, நடித்தாள். குடித்தவன் ஒருவன் வீட்டுக்குள் நுழைவதை நடித்துக் காட்டினாள். செருப்பைக் கழற்ற ஒற்றைக் காலில் நின்று சுவரைத் தேடுவது, கதவிடம் மன்னிப்புக் கேட்பது, பெண்ணின் பெயரை மறந்துவிட்டு "நீ யாரும்மா?" என்று மரியாதையாக விசாரிப்பது. வகுப்பு உருண்டு உருண்டு சிரித்தது. எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் உட்கார்ந்ததும் நடுவரின் முறை. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னேன்.

"பலே கஸ்தூரி! இதற்கு ஒத்திகை எங்கே பார்த்தாய்? நம் பள்ளிக்கூட வாசலிலேயே பார்த்துவிட்டு வந்தாயோ?"

சிரிப்பு ஒரு நொடி நின்று, முன்னைவிடப் பெரிதாக வந்தது. நாற்பது தலைகள் ஒன்றாக மூன்றாம் பெஞ்சு பக்கம் திரும்பின. அங்கே சரோஜா உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் பள்ளி வாசலில் நிற்கும் சைக்கிள் ரிக்‌ஷா சரோஜாவின் அப்பா ஏழுமலையுடையது. காலையில் இரண்டு வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டு, மாலையில் திரும்ப ஏற்றிக்கொண்டு போவார். அவர் குடிப்பார் என்பது ஊரறிந்த விஷயம். நான் அவர் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசலில் வேறு யார் இருக்கிறார்கள்? ஜோக் வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் அது எங்கே போய் விழுந்தது என்று எனக்கே தெரிந்தது. சரோஜா அழவில்லை. புத்தகங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கையில் வைத்துக்கொண்டு மணிக்காகக் காத்திருந்தாள். நான் அவசரமாக அடுத்த பெண்ணைக் கூப்பிட்டேன்.

திங்கட்கிழமை சரோஜா வரவில்லை. செவ்வாய், புதனும் இல்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. செலக்‌ஷன் பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அதில் தேறினால்தான் எஸ்.எஸ்.எல்.சி. எழுத அனுப்புவார்கள்; அப்போது அது பதினோராம் வகுப்பில்தான். அவள் வீடு இருந்த கால்வாய்க் கரைக் குடிசைகளிலிருந்து பதினோராம் வகுப்புவரை வந்த ஒரே பெண் அவள். இப்போது நின்றால் நின்றதுதான்.

சீரகத் தண்ணீர் வந்தது.

"சரோஜா எங்க பங்கஜம்?"

நடந்ததைச் சொன்னேன். ஜோக்கையும் சொன்னேன். சொல்லும்போதே அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று தெரிந்தது. ரூத் அம்மாள் ஜன்னல் வழியாக வாசலைக் காட்டினார்.

"ரிக்‌ஷாவும் ஒரு வாரமா வாசல்ல இல்ல. கவனிச்சீங்களா?" என்றார்.

கவனிக்கவில்லை.

"பிள்ளைங்க வீட்டுல போய்ச் சொல்லிருக்கு. குடிகாரன் வண்டியில எம்பிள்ள ஏறக் கூடாதுன்னு ரெண்டு வீட்டுலயும் நிறுத்திட்டாங்க. நேத்து ஒரு தாயார் எங்கிட்ட வந்து நன்றி வேற சொல்லுதா, கண்ணத் தொறந்து விட்டீங்கன்னு." அவர் குரல் உயரவேயில்லை. "நீங்க அவங்க வீட்டுக்குப் போங்க. நான் போனா அது ஆபீஸ் காரியமாயிரும்."

சனிக்கிழமை மத்தியானம் போனேன். குடிசைக்கு வெளியே ரிக்‌ஷா கவிழ்ந்து கிடந்தது. ஏழுமலை சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்துக் கடையில் கலர் சோடா வாங்கிவந்து நீட்டினார். அதை வாங்கிக் குடித்ததுபோல் கஷ்டமான காரியம் வாழ்க்கையில் குறைவு.

"குடிக்கிறேன் டீச்சர். இல்லன்னு சொன்னா அது பொய்யி" என்றார். "ஆனா வண்டில கொயந்திங்க ஏறிச்சுன்னா, கடைசிக் கொயந்திய எறக்கி வுட்டு வண்டியப் பூட்டற வரிக்கும் ஒரு சொட்டு தொட மாட்டேன். எத்தினி வருசமா ஓட்டிக்கினு கீறேன், ஒரு நாள், ஒரே ஒரு நாள் எவனாவது சொல்லட்டும். கஸ்தூரிப் பாப்பாவே சின்னதுல நம்ம வண்டிலதான் வந்துச்சு. அது அப்டி சொல்லுமா டீச்சர்?"

கஸ்தூரி சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் உள்ளேயிருந்து சரோஜா வந்துவிட்டாள்.

"அவ நடிச்சா, சரி. கிளாசே சிரிச்சுது, அதுவும் சரி. நீங்க இன்னாத்துக்கு டீச்சர் எங்க நைனாவ இஸ்த்தீங்க?"

"தப்பு பண்ணிட்டேன் சரோஜா."

"இங்க வந்து சொல்றீங்க. இங்க யாரும் சிரிக்கலியே. சிரிச்சது அங்க."

பதினாறு வயதுப் பெண்.

"அங்கே வந்து சொல்கிறேன். எல்லார் முன்னாலும் சொல்கிறேன். நீ வா" என்றேன்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தார்.

"இந்த வெள்ளிக்கெயம ஒரு நாள் வரேன். சரியா இல்லன்னா நின்னுடுவேன். அப்பால வந்து கூப்டாதீங்க" என்றாள்.

திங்கட்கிழமை காலை மயிலாப்பூரே பார்க்கும்படி ஒன்று நடந்தது. பதினெட்டு வருடமாக நடந்தே பள்ளிக்கு வந்த ரூத் அம்மாள், ஏழுமலையின் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். முதுகு நிமிர்ந்து, வெயிலே இல்லாத நேரத்தில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, மாட வீதிகளை ஒரு சுற்றுச் சுற்றி. மறுநாளும் அப்படியே. அதற்கும் மறுநாள் ஒரு வீட்டில் ஏழுமலையை மறுபடி வரச் சொன்னார்கள். பெரிய டீச்சரே ஏறுகிற வண்டிக்கு யார் என்ன சொல்ல முடியும்? அவரிடம் நான் இதைப் பற்றிப் பேச்செடுத்தபோது, "கால் வலிக்குதும்மா" என்று மட்டும் சொன்னார்.

அந்தத் திங்கட்கிழமை மாலையே என்னை உட்காரவைத்து, வெள்ளிக்கிழமைப் பீரியடை எப்படி நடத்த வேண்டும் என்று சொன்னார். அது அவர் புத்தகத்தில் படித்ததல்ல. முன்பு ஒரு பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தபோது, மீன் சமைப்பதா வேண்டாமா என்று வருடக்கணக்கில் நடந்த சண்டையைத் தீர்க்கத் தானே உண்டாக்கிய முறையாம்.

பெஞ்சுகளை எதிரெதிரே போடாமல் சுற்றி வளைத்துப் போட வேண்டும். டீச்சருக்கு நாற்காலி கிடையாது, பெஞ்சில் ஓர் இடம்தான். கைதட்டக் கூடாது. 'அவர்கள்', 'அந்த மாதிரி ஆட்கள்' என்றெல்லாம் பேசக் கூடாது. தான் கண்டதை, தனக்கு நடந்ததை மட்டும் பேசலாம். பேசுகிறவள், தனக்கு முன்னால் பேசியவள் என்ன சொன்னாள் என்பதை முதலில் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த முதல் பெண் "அதேதான்" என்று ஒப்புக்கொண்ட பிறகே தன் பேச்சை ஆரம்பிக்கலாம். கடைசியாக, இங்கே பேசியது வாசலைத் தாண்டக் கூடாது.

அந்தக் கடைசி விதியை நான் இப்போது மீறுகிறேன் என்று தோன்றும். பெயர்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்ட இருவரிடமும் போன வாரம் போனில் கேட்டுக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். ஒருத்தி, "எழுதுங்கோ டீச்சர், அப்பா போய் ரொம்ப வருஷமாச்சு" என்றாள். இன்னொருத்தி, "உங்க ஜோக்கையும் மறக்காம எழுதுங்க" என்று சொல்லிச் சிரித்தாள்.

புதன்கிழமை ஒரு பீரியடைக் கடன் வாங்கி ஒத்திகை பார்த்தோம். மத்தியானச் சாப்பாட்டை எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்று சின்னத் தலைப்பு. படு தோல்வி. திருப்பிச் சொல்லச் சொன்னால் கொல்லென்று சிரித்தார்கள். பாதிப் பேருக்கு முன்னால் பேசியவள் என்ன சொன்னாள் என்றே தெரியவில்லை. எதிரணி சொன்னதைக் கேட்க நான்தான் அவர்களுக்குப் பழக்கமே பண்ணவில்லையே. அடுத்து தான் எதைச் சொல்லி மடக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்து பழகிய பிள்ளைகள். ஒரு பெண்ணை மூன்று முறை "அதேதான் இல்ல" என்று இன்னொருத்தி திருப்பி அனுப்பினாள். நான்காவது முறை சரியாகச் சொன்னபோது, இருவருமே கொஞ்சம் ஆச்சரியப்பட்டுப்போனார்கள். அது ஒன்றுதான் எனக்குத் தைரியம் கொடுத்தது.

வெள்ளிக்கிழமை சரோஜா வந்தாள். கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். புத்தகங்களை மடியிலேயே வைத்துக்கொண்டாள். எழுந்து போக வசதியாக அந்த இடத்தைப் பிடித்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. ரூத் அம்மாள் மூலையில் குடையோடு இருந்தார். நான் பெஞ்சில் பிள்ளைகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். சரோஜா புதன்கிழமை இல்லையே, அவளுக்காக விதிகளை இன்னொரு முறை சொன்னேன்.

"அன்றைக்கு வாசலில் பார்த்தாயா என்று ஜோக் அடித்தது நான்" என்றேன். "சரோஜாவின் அப்பா குடித்துவிட்டு வண்டி ஓட்டி நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்காததைப் பார்த்த மாதிரி சொன்னேன். நீங்கள் சிரிக்க வேண்டும் என்று சொன்னேன். அதனால் அவருடைய பெயர் கெட்டது. சரோஜா, உன்னிடமும் உன் அப்பாவிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்."

டீச்சர் மன்னிப்புக் கேட்டு அவர்கள் பார்த்ததில்லை. அடுத்துப் பேச ஆள் வேண்டும். நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் துணிச்சல் யாருக்கு வரும் என்று இருந்தேன். எதிர்ப்பக்கத்தில் கஸ்தூரி கையைத் தூக்கினாள்.

"பார்க்காததைப் பார்த்த மாதிரி சொன்னேள். நாங்க சிரிக்கணும்னு சொன்னேள். அதனால அவர் பேரு கெட்டுப் போச்சு. மன்னிப்புக் கேட்டேள்." குழந்தை பாடம் ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தாள்.

"அதேதான்" என்றேன். இன்னொரு வாயிலிருந்து கேட்கும்போது அது இன்னும் சுட்டது.

"நான் பார்த்துட்டுத்தான் நடிச்சேன் டீச்சர்" என்றாள் கஸ்தூரி. இப்போது அவள் சிரிக்கவில்லை. "ஆனா வாசல்ல பார்க்கலை. எங்காத்துல பார்த்தேன். கடை தொறக்கறதுக்கு முன்னாடியே எங்கப்பாவுக்கு டாக்டர் சீட்டுக் காட்டி வாங்கின குடிக்கற பெர்மிட் இருந்தது. 'நீ யாரும்மா'ன்னு என்னைத்தான் கேட்பார். நீங்க வாசல்னு சொன்னதும் எல்லாரும் சரோஜாவைப் பார்த்தா. எனக்கு..." நிறுத்தினாள். "எனக்கு அப்பாடான்னு இருந்தது டீச்சர். ஏழுமலை இல்லைன்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லலை."

இரண்டு வருடமாக அந்தப் பெண் என் எதிரில் சிரித்துக்கொண்டிருந்தாள். பேச்சில் எத்தனை மதிப்பெண் போடலாம் என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும். ஆனால் விதிப்படி யார் பேசினாலும், இவள் இப்போது சொன்னதை முதலில் திருப்பிச் சொல்லியாக வேண்டும். நான் ரூத் அம்மாளைப் பார்த்தேன். அவருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. குடையின் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

கதவுப் பக்கத்திலிருந்து சரோஜா கை தூக்கினாள். பிறகு புத்தகங்களை அணைத்துக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டாள்.

"அவ சொன்னத நான் திருப்பிச் சொல்ல மாட்டேன் டீச்சர்" என்றாள். "நீங்க வெச்ச ரூலு எனக்குத் தெரியும். ஆனா இத்த ஒரு தபா சொல்றதுக்கே அவளுக்கு எவ்ளோ கஷ்டமா இருந்திருக்கும். என் வாயால இன்னொரு தபா அவ இன்னாத்துக்குக் கேக்கணும்? நான் கேட்டுக்கினேன். எல்லாத்தியும் கேட்டுக்கினேன். அவ்ளோதான் நான் சொல்றது."

கஸ்தூரி முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"அதேதான்" என்றாள்.

சரோஜா கதவுப் பக்கம் உட்காரவில்லை. அணைத்திருந்த புத்தகங்களோடு, வட்டத்தைக் குறுக்கே கடந்துபோய், கஸ்தூரி உட்கார்ந்திருந்த பெஞ்சில் புத்தகங்களை வைத்தாள். மூன்று பேர் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.